ஒரு கையெழுத்துக்காகப் பனி கடந்தது

1

யேசு பிறந்த நத்தார் விடுமுறைக்காக எங்கள் தொழிற்சாலையை நேற்றுப் பூட்டிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலை. பேர்மிங்காம் நகரின் ஓரத்தில் இருக்கிறது. நான் இங்கே நட்டு முறுக்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் சிலர் என்னை "இஞ்சினியர்" என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. சொல்லட்டும், சொல்வதற்குக் காசா பணமா?

இன்று காலை என் மகன் ஜோர்ஜ் சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். உலகச் சண்டை முடிந்து சில வருஷமாகியும் பெட்ரோல் இன்னும் பங்கீட்டில்தான் கிடைக்கிறது. பென்சிலுக்குப் பங்கீடு இல்லாதபடியால் அவன் மலைகளையெல்லாம் தாண்டி இத்தாலி வரைக்கும் போயிருந்தான்.

"அப்பா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் பிரான்ஸுக்கு விடுமுறை போனீர்களாம். அம்மா சொன்னாள். நல்லாக இருந்ததா?" என்று கேட்டான். ஆங்கிலத்தில்தான் கேட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் "சோறு", "தண்ணி", "சும்மா இரு" என்ற மூன்றும்தான். மூன்றாவதை என்னிடமே பிரயோகிப்பான்.

"குளிராக இருந்தது" என்றேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது. பிறகு டயருக்குச் சங்கிலி சுற்ற வேண்டுமா, எந்த எண்ணெய் நல்லது என்றெல்லாம் கேட்டான். அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஏன் போனேன் என்று மட்டும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தேசவழமையில் தொடங்கிப் பொட்டில் வந்து முடிப்பதற்குள் அவன் எழுந்து போயிருப்பான். ஊரில் இருக்கிற உங்களுக்கென்றால் பாதி சொல்லும்போதே மீதி விளங்கும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதில் வருகிறவர்களில் முக்கியமான இருவர், என் தங்கையும் அவள் புருஷனும், இப்போது இல்லை. அவர்களுடைய மகளிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ மாமா, எனக்கு எல்லாம் தெரியும்தானே" என்று பதில் போட்டாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இணுவில்காரர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது.

2

முப்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் தங்கையின் கடிதம் வந்தது. பரமேஸ்வரி என் ஒரே தங்கை, புனிதம் அவள் மகள். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், ஆனாலும் கதைக்கிற மாதிரியே எழுதுவாள்.

"அண்ணை, புனிதத்துக்கு ஒரு சம்மந்தம் சரிவந்திருக்கு. பொடியன் கொடிகாமத்திலை வாத்தியார், நல்ல குணம். என்ரை சீதனக் காணியை அவளுக்கு எழுதவேணும். இவர் கையெழுத்து வைக்காமல் எழுதேலாதெண்டு உறுதி எழுதுற நொத்தாரிசு சொல்லுறார். இவர் இல்லையெண்டால் கோட்டுக்குப் போய் நீதிபதியைக் கேக்கட்டாம். அங்கை நான் ஏறி நிண்டு, 'என்ரை மனுசன் என்னை விட்டிட்டுப் போட்டார்' எண்டு சொல்லவேணும், இல்லாட்டிச் 'செத்துப்போனார்' எண்டு சொல்லவேணும். இரண்டையும் நான் சொல்லமாட்டன். நீங்கள் அந்தப் பக்கந்தானே இருக்கிறியள். இவரைத் தேடிக் கையெழுத்து வாங்கித் தாங்கோ."

அந்தப் பக்கம் என்பது எவ்வளவு பெரிய பக்கம் என்று இணுவிலில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்! ஆனால் சட்டம் அவள் சொன்னபடிதான். எங்கள் யாழ்ப்பாணத்துச் சட்டமான தேசவழமையில் பெண்ணின் சீதனக் காணி பெண்ணுடையதே. ஆனால் அதைப் பிறருக்குக் கொடுப்பதற்குப் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

புருஷன் கதிரவேலு என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இணுவிலில் புகையிலைத் தோட்டக்காரர் குடும்பம். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்தான். கம்பனி அவனைப் பிரான்ஸில் மார்செய் துறைமுகத்திலிருந்த கிளைக் கந்தோருக்கு அனுப்பியது. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவன். பிறகு வியாபாரம் படுத்து, கம்பனியே கந்தோரைப் பூட்டியது. ஆள் மட்டும் வரவில்லை. கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

கடிதம் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆள் செத்துப்போய்விட்டான் என்று முதலில் குசுகுசுத்தார்கள், பிறகு உரத்தே சொன்னார்கள். கலியாண வீடுகளில் ஆராத்தி எடுக்க என் தங்கையைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் ஒரு பார்வை, வைக்காமல் போனால் ஒரு கதை. இனி மகளின் கலியாணத்தில் அவள் பந்தலில் நிற்பாளா, அறைக்குள் ஒதுங்கி நிற்பாளா? எனக்குக் காணியைவிட அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

கதிரவேலுவின் கடைசிக் கடிதம் பிரான்ஸின் மலைப்பக்கத்தில் ஷாம்பெரி என்ற பட்டணத்திலிருந்து வந்திருந்தது. நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டு அந்த விலாசத்துக்கு எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை, ஆனால் கடிதமும் திரும்பி வரவில்லை. அப்படியானால் அதை யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு நீண்ட லீவு கிடைப்பது நத்தாருக்கு மட்டும்தான், அதனால் பனியோ மழையோ அப்போதே போவதென்று தீர்மானித்தேன்.

3

ரயிலில் போயிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் எங்கள் ஃபோர்மன், அந்த வருஷம் புதிதாகச் செய்த வண்டி ஒன்று கடுங்குளிரில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஓட்டிப்போய் வந்து குறை நிறை சொன்னால் பெட்ரோல் செலவு தொழிற்சாலையுடையது என்றார். ஓசி என்றால் எங்கள் ஆட்கள் எண்ணெயும் குடிப்பார்கள். ஒத்துக்கொண்டேன்.

எல்சி, என் மனைவி, இந்த ஊர்ப் பெண். இரண்டு சோடிக் கம்பளிக் கையுறை பின்னித் தந்தாள். பின்னும்போதே கேட்டாள்: "உங்கள் ஊரில் பெண்ணின் காணிக்கு எதற்குப் புருஷன் கையெழுத்து?"

"உங்கள் ஊரில் உன் அம்மம்மா காலத்தில் கலியாணம் கட்டிய பெண்ணுக்குக் காணியே இருக்கவில்லையே" என்றேன்.

அவள் ஊசியை வேகமாகக் குத்தினாள். அந்தக் கையுறையில் ஒரு விரல் மற்றவற்றைவிட இறுக்கமாக இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கடவுச்சீட்டு, வண்டிக்கும் கடவுச்சீட்டு மாதிரி ஒரு கடதாசி, நொத்தாரிசு அனுப்பிய சம்மதப் பத்திரம் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டினேன். மோட்டார் சைக்கிள்காரர் குளிருக்கு நெஞ்சுக்குள் பத்திரிகைத் தாள் அடைப்பது வழக்கம். என்னிடம் இருந்தவை தங்கை அனுப்பிய பொதியில் சுற்றி வந்த யாழ்ப்பாணப் பத்திரிகைகள். ஊர் விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அதே பொதியில் வந்த புழுக்கொடியலையும் கோட்டுப் பையில் போட்டேன். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு எந்தக் குளிருக்கும் கெடாது. ஏற்கெனவே கல்லாக இருப்பது இன்னும் எப்படி உறையும்?

4

டோவர் துறைமுகத்தில் வண்டியைக் கயிறு கட்டி மாடு ஏற்றுகிற மாதிரிக் கப்பலில் ஏற்றினார்கள். மறுகரையில் கலேயில் சுங்க அதிகாரி என் பையைத் துழாவிப் புழுக்கொடியலை எடுத்தார். விறகு என்று நினைத்தார் போலும், மேசையில் தட்டிப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினேன். தனக்கும் ஒன்று தரச் சொல்லி வாங்கிக் கடித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினார். வண்டியின் கடதாசியைப் பார்க்கவேயில்லை.

ஊரில் மார்கழி வாடை அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு, "என்ன குளிரப்பா!" என்போம். அந்த வாடை பிரான்ஸில் எதிரே வந்திருந்தால் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வரவேற்றிருப்பேன். அங்கே அடித்த காற்று வேறு சாதி. பத்திரிகை, தோல் கோட்டு, எல்சியின் கம்பளி எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்து குந்தியது. முதலில் விரல் நோகும், பிறகு நோவு நிற்கும். நோவு நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்போது வண்டியை நிறுத்தி, என்ஜினைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கைகளைச் சூடாக்குவேன். தெருவில் போகிறவர்கள் நான் வண்டியைக் கும்பிடுவதாக நினைத்திருப்பார்கள்.

தங்குமிடங்களில் என்ஜின் எண்ணெயை வடித்துத் தகரப் பேணியில் விட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பேன். வைக்காவிட்டால் காலையில் அது தேன்பாகு மாதிரித் தடித்துவிடும், எத்தனை உதை உதைத்தாலும் வண்டி அசையாது. முதல் நாள் பின்னேரம் ஒரு விடுதிக்குள் போனபோது தாடை விறைத்து எந்தப் பாஷையும் வரவில்லை. கஷ்டப்பட்டு வாயைத் திறந்தால், "கொஞ்சம் சுடுதண்ணி தாங்கோ" என்று தமிழ்தான் வந்தது. விடுதிக்காரி உடனே சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் பிரெஞ்சில் கேட்டபோதெல்லாம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டிஜோனுக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் கண்ணாடி போல உறைந்த தெருவில் சறுக்கி விழுந்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எலும்பு முறியவில்லை. கால்மிதி வளைந்துபோயிற்று. கல்லால் தட்டி அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது, நோவினால் அல்ல. அங்கே நான் செத்துக் கிடந்தால் பரமேசு யாழ்ப்பாணக் கோட்டில் ஏறி நிற்பாள் என்ற எண்ணம் வந்தது. நல்ல சீலை உடுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, அந்நிய மனிதர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கும். கதிரவேலுவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட உடம்பு கொஞ்சம் சூடானது உண்மை. அன்றிலிருந்து குளிர் கூடும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

5

ஷாம்பெரி மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்னப் பட்டணம். தபாற்கந்தோரில் விலாசத்தைக் காட்டினேன். அங்கிருந்த பெண் வாசல் வரை வந்து எதிர்ச் சந்தியில் ஒரு புகையிலைக் கடையைக் காட்டினாள். பிரான்ஸில் புகையிலை வியாபாரம் அரசாங்கத்துடையது. முதல் உலகச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் பலருக்கு அப்படிக் கடைகளைக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே ஒருவன் ஒரு பிடி புகையிலையைக் கையில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தான். இணுவில் ஆள் இலையை மூக்குக்குக் கொண்டுபோக மாட்டான், மூக்கை இலைக்குக் கொண்டுபோவான். முகத்தைப் பார்க்க முன்னமே கதிரவேலு என்று தெரிந்துவிட்டது.

வழி நெடுகத் திரட்டி வைத்த வசவுகளோடு உள்ளே போனேன். வாயைத் திறந்தால் பல் கிட்டுகிற சத்தம்தான் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஐயோ, மச்சானோ? உதென்ன கோலம்?" என்று ஓடிவந்து என் கைகளைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினான். இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தேன், விரல்கள் சொன்ன சொல் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து உயரமான ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். மதாம் லூயிஸ் என்று சொன்னான், வேறு விளக்கம் தரவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, ஆவி பறக்கிற சூப்பை ஒரு கோப்பையில் கொண்டுவந்து நீட்டினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வழக்குப் பேசப் போன வீட்டில் வழக்குத் தீரும்வரை தண்ணி வென்னி தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. கை நனைத்தால் வாய் அடைபட்டுப்போகும். அவளுக்கு இது எப்படித் தெரியும்? கோப்பையைக் கிட்டக் கொண்டுவந்தாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவள் மறுபடியும் கிட்ட வந்தாள்.

"மச்சான், உதிலை இறைச்சி இல்லை. உருளைக்கிழங்குதான்" என்றான் கதிரவேலு.

"இறைச்சிக்காக இல்லை."

அவனுக்கு விளங்கிவிட்டது. "கை நனைக்கமாட்டாய், என்ன?"

"முதல் கையெழுத்து வை. பிறகு பாப்பம்."

"இந்தக் குளிருக்கை தண்ணி வென்னி இல்லாமல் இருந்தால் மானம் மிஞ்சாது மச்சான், பிரேதந்தான் மிஞ்சும்" என்றான். ஆனால் வற்புறுத்தவில்லை.

சம்மதப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான். "புனிதத்துக்குக் கலியாணமோ? நான் வெளிக்கிடேக்கை அவளுக்கு முன்பல்லு விழுந்திருந்தது" என்றான். கடதாசியை மடித்தான், விரித்தான், மறுபடியும் மடித்தான்.

"மச்சான், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. இதிலை கையெழுத்து வைச்சால் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு ஊருக்குத் தெரியும். பிறகு ஏன் வரேல்லை எண்டு கேப்பினம். அவள் என்ன மறுமொழி சொல்லுவாள்? அதைவிட, நான் செத்திட்டன் எண்டு எழுதிவிடு. கோட்டிலையும் கரைச்சல் இல்லை. அவளும் அழுதுபோட்டு ஆறிவிடுவாள்."

"அவளின்ரை பொட்டை நான் அழிக்கவோ? அதுக்கோ இந்தப் பனிக்குள்ளாலை விழுந்தெழும்பி வந்தனான்?"

"நீயும் வெள்ளைக்காரியைத்தானே கட்டியிருக்கிறாய்?"

"ஓம், கட்டினனான். அவளுக்கு முதல் ஊரிலை ஒருத்தியையும் இருத்திப்போட்டு வரேல்லை."

மதாம் லூயிஸ் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டாள். அவன் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். ஊரில் மனைவி இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காகக் கடிதம் போடவில்லை என்பது தெரியாது போலிருக்கிறது. சூப்புக் கோப்பையை மேசையில் வைத்தாள். எனக்கும் விளங்க வேண்டும் என்று மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினாள்.

"என் புருஷன் செத்துவிட்டார் என்று எனக்கு ஒரு கடதாசி வந்தது. அது உண்மை. உண்மையாக இருந்தும் அதை அடுப்பில் போடவேண்டும் போல எத்தனை நாள் இருந்தது தெரியுமா? பொய்யாக அப்படி ஒன்று என் கடையிலிருந்து போகக்கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, வயிறு சத்தம் போட்டது. பையிலிருந்து ஒரு புழுக்கொடியலை எடுத்து முறித்துக் கடித்தேன். என் சாப்பாட்டை நான் சாப்பிடுவதை எந்த ஒழுங்கும் தடுக்காது.

கதிரவேலு தலையைத் திருப்பினான். "உது புழுக்கொடியலோ?"

அவன் கையை நீட்டினான். நான் கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மடியில் கிடந்த மற்றப் பாதியை அவனே எடுத்து வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சப்பினான்.

"ஆர் அவிச்சது?" என்று கேட்டான்.

"ஆர் அவிப்பினம்? உன்ரை பெண்சாதிதான்."

அவன் சப்புவதை நிறுத்தினான். துப்பவும் மாட்டான், விழுங்கவும் மாட்டான் என்று இருந்தான். பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் சப்பத் தொடங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. அவன் மேலிருந்த கோபம் எனக்கு அப்போதும் போகவில்லை. ஆனால் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

முழுக்க விழுங்கி முடித்தபின்தான் வாய் திறந்தான். "இங்கிலீசு அரசாங்கத்தின்ரை ஆள், கொன்சல், லியோனிலை. அவருக்கு முன்னாலைதான் வைக்கவேணும். வருசப்பிறப்புக்குப் பூட்டிப்போடுவினம். விடியக் கெதியா வெளிக்கிட்டால் நாளைக்குப் பிடிக்கலாம்."

வழக்குச் சொல்ல வந்தவன் கொண்டுவந்ததை வீட்டுக்காரன் தின்றுவிட்டால் என்ன தீர்ப்பு என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தந்ததில்லை. மேசையிலிருந்த சூப்பை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

6

விடிந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. மதாம் லூயிஸ் ஒரு பெட்டியைத் திறந்து, செத்துப்போன புருஷனின் பட்டாளக் கோட்டை எடுத்துக் கதிரவேலுவுக்குப் போட்டு, கழுத்து வரை பொத்தான் பூட்டிவிட்டாள். எனக்குத் தன் கம்பளிச் சால்வையைத் தந்தாள். சறுக்காமலிருக்கப் பின்சில்லின் டயரில் கயிறு சுற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

ஏற்றங்களில் அவன் இறங்கித் தள்ளுவான். இறக்கங்களில் இருவரும் நான்கு கால்களையும் தெருவில் ஊன்றிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்குவோம். சமதரை வந்தால் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்திக் கத்திக் கேட்பான். கோயில் தேருக்குப் புதுச் சில்லுப் போட்டாச்சோ? எங்கடை கிணறு கோடைக்கு வத்துதோ? புகையிலை என்ன விலை போகுது? ஊரில் ஒருவரையும் விடாமல் கேட்டான், பரமேசுவைத் தவிர. நானும் அவள் பெயரை எடுக்கவில்லை. தெரிந்ததைக் கத்திச் சொன்னேன், தெரியாதவற்றுக்குச் சமாளித்தேன்.

லியோனில் கொன்சலின் கந்தோர் பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். தரை விரிப்பில் எங்கள் சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் ஓடியது. அங்கிருந்த கிளாக்கர் வயதான, பொறுமையான மனிதர். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மணமானவரா?"

"ஓம்" என்றான் கதிரவேலு, தமிழில். பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்.

"மனைவி உயிருடன் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"பெயர்?"

"பரமேஸ்வரி." விலாசத்தைக் கேட்டபோது ஒழுங்கை, கோயிலடி, கிணற்றடி வேலி எல்லாவற்றையும் தபாற்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். கிளாக்கர் சிரித்துக்கொண்டு இணுவில் என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

ஆளை அடையாளம் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். நான் முன்னுக்கு வந்தேன். இவரை எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். இவனை இனி உறவு சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று டிஜோன் தெருவில் சத்தியம் பண்ணியிருந்தேன். "என் தங்கையின் கணவர்" என்றேன். வேறு என்ன சொல்வது? கதிரவேலு கையெழுத்து வைத்தான். கொன்சல் முத்திரை குத்தினார்.

ரயில் நிலையத்துக்கு அவனைக் கொண்டுபோய் விட்டேன். அவன் ரயிலில் ஷாம்பெரிக்குத் திரும்புகிறான், நான் வடக்கே போகவேண்டும். ஏறப்போனவன் திரும்பி வந்தான்.

"அவளுக்கு என்ன எழுதப்போறாய்?"

"கையெழுத்து வாங்கிட்டன் எண்டு எழுதுவன்."

"நான் நல்லா இருக்கிறன் எண்டு எழுதாதை மச்சான். அவளுக்கு நோகும். நோய் வருத்தம் எண்டும் எழுதாதை, அது பொய்." கொஞ்சம் யோசித்தான். "ஊருக்கு வரச்சொல்லி நீ என்னை ஒருக்கா எண்டாலும் கேப்பாய் எண்டு நினைச்சன்."

"கேட்டால் வருவியோ?"

அவன் பட்டாளக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். ரயில் ஊதியது. "கவனமாப் போ. இறக்கத்திலை பிறேக் பிடிக்காதை" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

7

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதே தெரு, அதே காற்று. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை, அதனால் குளிர் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. வண்டி குளிரில் நன்றாக ஓடுகிறது, எண்ணெய் மட்டும் தடிக்கிறது என்று ஃபோர்மனிடம் சொன்னேன். அவர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பத்திரத்தைப் பதிவுத் தபாலில் தங்கைக்கு அனுப்பினேன். கூட வைத்த கடிதத்தை எழுத எனக்கு ஒரு கிழமை சென்றது. அவன் எப்படி இருக்கிறான் என்று எழுதினேன், கிழித்தேன். அவனைத் திட்டி எழுதினேன், அதையும் கிழித்தேன். கடைசியில், கையெழுத்துக் கிடைத்தது, கொன்சல் உறுதிப்படுத்தியிருக்கிறார், நொத்தாரிசிடம் கொடு, பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் என்ற நாலு வரி மட்டும் போனது. பொய் சொல்லவில்லை, நோகப்பண்ணவும் இல்லை என்று எனக்குள் ஒரு திருப்தி. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் வைகாசியில் நடந்தது. அது கழிந்து ஒரு மாதத்தில் பரமேசுவின் கடிதம் வந்தது. தொழிற்சாலைக்குப் போகிற வழியில் பிரித்து, வாசலுக்கு வெளியே நின்று படித்தேன். சங்கு ஊதியது, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், நான் சுவரோடு சாய்ந்து நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணை, கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை வாசல் படலையடிக்கு வர ஆராத்தி எடுக்க என்னைத்தான் கூப்பிட்டவை. தகப்பன் எங்கை எண்டு கேட்டவைக்குப் பிரான்ஸிலை எண்டு சொன்னன். கொன்சலின்ரை முத்திரையைக் கண்டாப்பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

"நீங்கள் இவரைப் பாத்துக் கதைச்சிருப்பியள். இவரைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை. நான் கன நாள் யோசிச்சுப் பாத்தன். நோய் வருத்தம் எண்டால் எழுதியிருப்பியள். பட்டினி எண்டால் எழுதியிருப்பியள். தனியக் கிடந்து கஷ்டப்படுகிறார் எண்டால் கட்டாயம் எழுதியிருப்பியள். ஒண்டும் எழுதேல்லை. அப்ப ஆரோ வடிவாப் பாத்துக்கொள்ளினம்.

"அது சரி அண்ணை. குளிர் ஊர்தானே. ஆரும் இருக்கத்தானே வேணும்."